எட்டு மூலை வீட்டில் அந்த இருபது நிமிடம்

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் புறப்பட, வாசலடியில் இருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ஒரு படம் வந்தது. திறந்து பார்த்தால் எட்டு மூலையுள்ள ஒரு வீட்டின் தரைப்படம், பென்சிலால் வரைந்தது. ஏழாம் இலக்கத்தின் நடுவே சின்னக் குறுக்குக்கோடு. வடக்கைக் காட்டும் அம்பின் வாலில் கோழிக்கால் மாதிரி மூன்று கீறல். அப்படி வடக்கைக் கீறுகிறவர் எனக்குத் தெரிந்து நீர் ஒருவர்தான். ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் வெறும் மேசுமாக நான் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன்.

படத்தின் கீழே பிரெஞ்சில் நாலு வரி. அந்த வீட்டைப் புதிதாக வாங்கிய பெண் எழுதியிருந்தார். சமையலறை மேசை லாச்சிக்குள் இந்தத் தாள் கிடந்ததாம். அடியில் இரண்டு பெயர்கள் இருந்தனவாம். "முதல் பெயருக்குரியவரைத் தேடினேன், கிடைக்கவில்லை. இரண்டாவது நீங்கள். கூரைக்குள் ஏதோ சத்தம் கேட்கிறது, நான் இங்கே தனியாக இருக்கிறேன். வந்து பார்ப்பீர்களா?"

நீர் போய் ஐந்து மாதம். நீர் கிடைக்கமாட்டீர் என்று அந்தப் பெண்ணுக்கு நான் பதில் எழுதவில்லை. அன்று வேலைக்கும் போகவில்லை. கைகள் குளிர்ந்துபோய், வாய்க்குள் சுண்ணாம்புத் தூளைக் கொட்டியதுபோல நாக்கு உலர்ந்துவிட்டது. மேல்மாடிக் குடும்பத்தின் பிள்ளை ஒன்று தடதடவென்று ஓடியது. நான் கதவு நிலைக்குக் கீழே போய் நின்றேன். ஐம்பத்து நாலு வயதுக்காரி, கட்டடப் பொறியியலாளர், நகரத்தின் வில்லரேப் பகுதியில் தன் சொந்த வீட்டுக்குள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நீர் பார்த்திருந்தால், "உதென்ன கோலம், வந்து தேத்தண்ணி குடியும்" என்று சொல்லியிருப்பீர்.

இந்த மடலை நான் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே உமக்கு எழுதியிருக்கவேண்டும். கையில் கொடுத்து, நீர் வாசிக்கும்போது எதிரில் இருந்திருக்கவேண்டும். அதற்கும் பயமாக இருந்தது.

நாம் சந்தித்தது டவுன்டவுனில், பழைய கட்டடங்களை அளந்து திருத்தத் திட்டம் போடும் அந்தச் சின்ன அலுவலகத்தில். எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று நான் கணக்குப் பார்ப்பேன். நீர் அளந்து வரைவீர். நான் சேர்ந்த முதல் நாள், லிஃப்டுக்குள் என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டு, "யாழ்ப்பாணமோ?" என்றீர். ஓம் என்றேன். "நான் மன்னார். உங்கடை ஆக்களை விட நாங்கள் மீன் நல்லாச் சமைப்பம். மத்தியானம் வாரும்" என்றீர். உம்முடைய மீன் பொரியலின் மணத்துக்குப் பக்கத்து மேசைக்காரர் மார்கழிக் குளிரில் யன்னலைத் திறந்தார். நீர் அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தீர். அடுத்த நாள் யன்னல் திறபடவில்லை.

அதற்குப் பிறகு பத்து வருடம், எங்கே அளக்கப் போனாலும் பெண்கள் நாம் இருவரும் ஒன்றாகத்தான் போனோம். நீர் காரோட்டுவீர், நான் வழி சொல்லித் தவறவிடுவேன்.

அந்த எட்டு மூலை வீடு, பாலத்தைக் கடந்து ஒன்றரை மணி நேரம் கிழக்கே, ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே நின்றது. ஆசிரியர்களான ஒரு கணவனும் மனைவியும் அதை வாங்கி, விருந்தினர் தங்கும் இடமாக்க நினைத்திருந்தார்கள். முதல்தரம் அதைக் கண்டபோது நீர் காரை நடு வழியில் நிறுத்திவிட்டு இறங்கி, சுற்றி ஒரு நடை நடந்து வந்தீர். "சுகந்தி, இதுக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. எங்கை நிண்டு பாத்தாலும் எங்களைத்தான் பாக்குது" என்றீர்.

நூற்றைம்பது வருடங்களுக்கு முன் தெற்கே, நாட்டின் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஒரு வீடு கட்டும் மோகம் அது. அதே நீளச் சுவரைச் சதுரமாகக் கட்டுவதைவிட எட்டுப் பக்கமாகக் கட்டினால் உள்ளே இடம் கூடும். காற்றுக்கு அகப்படும் சுவர் குறைவாகையால் வெப்பம் தங்கும். எட்டுத் திசையாலும் வெளிச்சம் வரும். அப்படிச் சொல்லித்தான் கட்டினார்கள். இந்த வீட்டின் சுவர்கள் சுண்ணாம்பையும் சரளைக்கல்லையும் குழைத்துப் பலகைக் கூட்டுக்குள் வார்த்தவை, ஒன்றரை அடித் தடிப்பு. நடுவே கீழறையிலிருந்து உச்சிவரை ஒரு சுருள் படி. உச்சியில், கூரைக்கு முடி வைத்தாற்போல ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள்ளால் விழும் வெளிச்சம் படியைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கும்.

ஆனால் எட்டுப் பக்கத்துக்குள் சதுர அறைகளை வைத்தால் மூலைகளில் முக்கோணங்கள் மிஞ்சும். அந்த வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் நாலு பெரிய அறைகளும் நாலு முக்கோணங்களும் இருந்தன. கீழ்த்தளத்தில் ஒரு முக்கோணம் போத்தல்கள் வைக்கும் களஞ்சியம், ஒன்று குளிர் கோட்டுகள் தொங்கும் அலுமாரி, ஒன்று செபம் செய்யும் சின்ன அறை, ஒன்று வெளிவாசலுக்குப் போகும் நடை. நடுக் கூடத்தில் நின்று பார்த்தால் எட்டுக் கதவுகள். எட்டும் ஒரே வெள்ளை, ஒரே பித்தளைக் குமிழ். ஐந்து நிமிடம் கதைத்துக்கொண்டு நின்றால் எந்தக் கதவால் உள்ளே வந்தோம் என்பது மறந்துபோகும். எனக்கு அது முதல் நாளே பிடிக்கவில்லை.

பேய் ஒளிக்க மூலை கிடைக்காதபடிதான் இப்படிக் கட்டினார்கள் என்று ஊரில் ஒரு கதை இருப்பதாக வீட்டுக்காரர் சொன்னார். நீர் அதை எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, "நாலு மூலை இருந்த இடத்திலை எட்டு இருக்கு. பேய்க்கு வசதி கூட" என்று சிரித்தீர். நான் சிரிக்கவில்லை. "என்னப்பா, பயமோ?" என்றீர். "பயமெண்டா அளந்து பாரும். அளந்த பிறகும் இருந்தா, அப்ப பயப்படலாம்."

நாம் மூன்றாம் தரம் போனது மார்ச் மாதம். மூன்று நாளாக ஈரப் பனி கொட்டி, அதன்மேல் மழை பெய்துகொண்டிருந்தது. ஆசிரியர்கள் வாசல் திறப்பை எங்கள் கையில் தந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். வீட்டில் நாம் இருவர் மட்டும்.

அந்தக் கூரையைப் பற்றி உமக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். இனி வருவதற்கு அது வேண்டும். எட்டு மூலையிலிருந்தும் எட்டு நீள மர வளைகள் சாய்ந்து ஏறி, உச்சியில் கண்ணாடிக் கூண்டைத் தாங்கும். கூண்டின் பாரம் அந்த வளைகளின் அடியை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதைத் தடுப்பது சுவர்களின் தலையைச் சுற்றி ஓடும் ஒரு மரச்சட்டம். பீப்பாவைச் சுற்றிய வளையம்போல. வளையம் ஓரிடத்தில் விட்டால் பீப்பா விரியும், விரிந்தால் நடு இறங்கும்.

நீர் அளவு நாடாவோடு சுருள் படியில் ஏறிக் கூண்டுக்குப் போனீர். வேதக்கோயில் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு போனீர். நான் இரண்டாம் தளத்தில், வடகிழக்கு முக்கோண அலுமாரிக்குள் ஒரு கதிரையில் ஏறி, மேற்பலகையைக் கழற்றி, மூலையில் சட்டம் சேரும் இடத்தைத் திருப்புளியால் குத்திப் பார்த்தேன். திருப்புளி பிடிவரை உள்ளே போனது. கேக்குக்குள் போவதுபோலப் போனது. இழுத்ததும் ஓட்டையால் தண்ணீர் வழிந்தது. கூரைத் தண்ணீர் ஓடும் பீலி பல வருடமாக அந்த மூலைக்குள் ஒழுகியிருக்கிறது. அங்கே மரம் இல்லை. மரத்தின் உருவம் மட்டும் இருந்தது.

எனக்கு உடனே விளங்கியது. மேலே மூன்று நாள் பனி, அதில் ஊறிய மழை, நடுவே நீர். நான் சொல்லவேண்டியிருந்தது ஒரு சொல். "இறங்கும்!" தொண்டைவரை வந்தது. அப்போது வீட்டுக்குள் ஒரு சத்தம் கேட்டது. முறிகிற சத்தம் அல்ல. ஒரு பெரிய மாடு மூச்சுவிட்டுப் படுப்பதுபோல ஒரு சத்தம்.

நான் ஓடினேன். உம்மைக் கூப்பிடாமல் ஓடினேன்.

படியால் இறங்கிக் கூடத்துக்கு வந்தால் எட்டுக் கதவுகள். முதலாவதைத் திறந்தேன், போத்தல்கள். இரண்டாவதைத் திறந்து உள்ளே பாய்ந்துவிட்டேன். கோட்டுகள். முகமெல்லாம் கம்பளி, இருட்டு, நாப்தலின் மணம். அந்தக் கோட்டுகளுக்குள் நின்றபடிதான் கூரை இறங்கியதைக் கேட்டேன். தரை துள்ளியது. கதவின் கீழால் வெள்ளைத் தூள் ஊர்ந்து வந்தது. வெளியே வந்தபோது கூடம் தெரியவில்லை. சுவரைத் தடவி இன்னொரு குமிழைப் பிடித்தேன். அது செப அறை. அதற்கு அடுத்ததுதான் வாசல்.

முழங்கால்வரை பனியில் காரடிக்குப் போய் நின்று திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக் கூண்டு ஒரு பக்கம் சரிந்து கூரைக்குள் பாதி அமிழ்ந்திருந்தது. அதற்குள்ளிருந்து உம்முடைய குரல் வந்தது.

"சுகந்தி! சுகந்தி, எங்கை நிக்கிறீர்? அடி பட்டிட்டுதோ? கதையும்!"

எனக்குக் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. உமக்கும் எனக்கும் இடையே நாற்பது அடிகூட இருக்காது. பதில் சொன்னால் நீர் என்னை வரச்சொல்லுவீர், வரச்சொன்னால் நான் வரவேண்டும் என்று நினைத்தேன். இல்லை, நினைக்கவில்லை, என் உடம்பு முடிவெடுத்தது என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பொய். நினைத்தேன். கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவசர இலக்கத்தை அழைத்தபோதுகூட, உமக்குக் கேட்டுவிடக்கூடாது என்று, காருக்குப் பின்னால் குந்தியிருந்து குசுகுசுத்தேன். மறுமுனையில் இருந்த பெண், சத்தமாகப் பேசுங்கள் மதாம் என்று இரண்டு தரம் கேட்டார்.

பிறகு நீர் கேட்பதை நிறுத்தினீர். வேறொன்று சொன்னீர். "சுகந்தி, பயப்பிடாதையும். அசையாமக் கிடவும். நான் வாறன்."

நான் இடிபாட்டுக்குள் கிடப்பதாக நினைத்துவிட்டீர். உம்முடைய வலது கால் ஒரு வளையின் கீழ் அகப்பட்டிருந்தது. அதை இழுத்தெடுக்கப் பார்த்தீர். அப்போது நீர் கத்தியதும் எனக்குக் கேட்டது. இரண்டு தரம் இழுத்தீர், இரண்டு தரம் கத்தினீர். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. அசையாமல் இருந்திருந்தால் வெறும் முறிவோடு போயிருக்கும், இழுத்ததால்தான் நரம்பு அறுந்தது என்று பின்னால் டொக்டர் சொன்னார்.

ஊர்த் தீயணைப்பு வீரர்கள் வர இருபது நிமிடம் ஆனது. மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றேன். வேறொன்றும் செய்யவில்லை.

மேல் யன்னலால் உம்மை இறக்கினார்கள். முகமெல்லாம் வெள்ளையாய், கண் மட்டும் கறுப்பாய்க் கிடந்தீர். என்னைக் கண்டதும் உம்முடைய முகம் மலர்ந்தது. அந்த முகத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

"ஐயோ, இருக்கிறீரோ? கூப்பிட்டனான், கூப்பிட்டனான். கேக்கேல்லையோ?"

"இல்லை," என்றேன். "காத்து."

மழை நேர்கோடாக விழுந்துகொண்டிருந்தது. ஆப்பிள் மரங்களில் ஒரு கொப்பும் அசையவில்லை. நீர் படுத்தபடி அந்தக் கொப்புகளைப் பார்த்தீர். பிறகு என்னைப் பார்த்தீர். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "ஓம். காத்துத்தான்" என்றீர்.

உமக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

ஆனால் நீர் செய்தது என்ன? ஆஸ்பத்திரிக்கு வந்த எல்லாருக்கும் ஒரே கதையைச் சொன்னீர். "நான்தான் அவவை ஓடச் சொன்னனான். ஓடிப்போய் ஆக்களைக் கூப்பிடும் எண்டு நான்தான் சொன்னனான். அவ ஓடினபடியால்தான் நான் இருக்கிறன்." லவாலில் உங்கள் வீட்டிலிருந்து உம்முடைய கணவர் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்து அழுதார். உம்முடைய மகளுக்கு அப்போது பத்து வயது. என் இடுப்பைக் கட்டிக்கொண்டு பிரெஞ்சில் நன்றி சொன்னாள். நீர் கட்டிலில் கிடந்தபடி என்னைப் பார்க்காமல் சேலைன் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தீர். நான் மறுக்கவில்லை. அதுதான் இரண்டாம் தரம் நான் வாயைப் பொத்தியது.

அந்த வீட்டைத் திருப்பி நிமிர்த்தும் திட்டத்தையும் நீரே வரைந்தீர். காலைக் கட்டித் தூக்கிய நிலையில், வயிற்றுக்குமேல் பலகை வைத்து. சட்டத்துக்கு வெளியே, கூரை இறவாணத்தின் கீழ், வீட்டைச் சுற்றி ஒரு இரும்புப் பட்டி, எட்டு மூலையிலும் தகடு, இறுக்குவதற்கு முடுக்கி. கணக்குப் பார்த்தது நான். தாளின் அடியில் இரண்டு பெயரையும் நீர் எழுதினீர், உம்முடையது முதலில், என்னுடையது பக்கத்தில்.

அதற்குப் பிறகு நான் வெளியே அளக்கப் போகவில்லை. அலுவலகத்தில் இருந்தே கணக்குப் பார்க்கிறேன் என்றேன். நீர் கைத்தடியோடு போனீர். ஒவ்வொரு தரமும் கோட்டைப் போட்டுக்கொண்டு என் மேசையடியில் நின்று, "வரேல்லையோ?" என்பீர். "பேந்து பாப்பம்" என்பேன். நீர் வற்புறுத்தவே இல்லை. பனி பெய்யும் நாட்களில் நான் கூரையைப் பார்த்துக்கொண்டு இருப்பது உமக்குத் தெரியும். அந்த நாட்களில் மத்தியானம் என் மேசைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து சாப்பிடுவீர். ஒன்றும் கேட்கமாட்டீர்.

போன இலையுதிர் காலத்தில் ஈரலில் நோய் என்று சொன்னார்கள். ஆறு கிழமைதான் இருந்தீர். ஆஸ்பத்திரிக்கு நான் நாலு தரம் மட்டும் வந்தேன் என்பதை அறிவீர். நாலாம் தரம் நாம் இருவரும் தனியாக இருந்தோம். பின்னேர வெயில் உம்முடைய போர்வைமேல் விழுந்திருந்தது. நான் தொடங்கினேன். "அண்டைக்கு அந்த வீட்டிலை..."

நீர் யன்னலைப் பார்த்தீர். "வெளியிலை காத்தோ?" என்றீர்.

"இல்லை," என்றேன்.

"அப்ப நல்லது," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினீர். நித்திரை கொண்டீரா, எனக்கு வழிவிட்டுக் காத்திருந்தீரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அரை மணி நேரம் உம்முடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு மெத்ரோ ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுந்து போனேன்.

செத்தவீட்டுப் பூசையில் உம்முடைய மகள் பிரெஞ்சில் பேசினாள். அம்மாவைக் காப்பாற்றிய அன்ரி என்று என்னைக் காட்டினாள். கோயில் நிறைந்த சனம் திரும்பிப் பார்த்தது. முன்பின் தெரியாத ஒரு ஐயா வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இதெல்லாம் உள்ளே கிடக்கும்போதுதான் அந்தப் படம் வந்தது. மூன்று நாள் பதில் எழுதவில்லை. நாலாம் நாள், இன்னொரு பொறியியலாளரின் இலக்கத்தை அனுப்பலாம் என்று எடுத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது: கூரைக்குள் சத்தம் என்கிறார், இது மார்ச் மாதம், அந்தப் பெண் அந்த வீட்டுக்குள் தனியாக இருக்கிறார். உடனே அழைத்தேன். நாளைக்கு வருகிறேன், அதுவரை மேல் தளத்துக்குப் போகவேண்டாம் என்றேன்.

அடுத்த நாள் காரை நானே ஓட்டினேன். பாலத்தில் இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டு வராதபடி இறுகிப்போயின. அந்த வளைவு திரும்பியதும் வீடு தெரிந்தது. முன்பக்கமும் இல்லாமல், பின்பக்கமும் இல்லாமல், என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. காருக்குள் கனநேரம் இருந்தேன். அந்தப் பெண்தான் வந்து கண்ணாடியைத் தட்டினார். அறுபது வயதிருக்கும், தேனீ வளர்க்கிறவர், பெரிய கை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முதலில் கோப்பி குடிப்போமா மதாம்?" என்றார்.

கூடத்தில் எட்டுக் கதவுகளும் அப்படியே இருந்தன. இவர் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறம் பூசியிருந்தார். விருந்தாளிகள் தொலைந்துபோகிறார்களாம். வாசல் கதவு மஞ்சள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஒரு மஞ்சள் அன்று இருந்திருந்தால் என்று நினைக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன். கதவு என்னைத் தாமதப்படுத்தத்தான் செய்தது. வெளியே நின்று வாயைப் பொத்தியது கதவல்ல.

படியில் ஏறினோம். அவர் முன்னால், நான் பின்னால். மூன்றாம் சுற்றில் தலைக்குமேல் இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம். வீடு அதிர்ந்தது. என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. ஒன்றரைச் சுற்று கீழே ஓடிவிட்டேன். அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்துவிட்டேன்.

மேலிருந்து அவர் கூப்பிட்டார். "மதாம்? எங்கே இருக்கிறீர்கள்?"

ஒரு மூச்சு நேரம், நான் மறுபடியும் பேசாமல் இருந்தேன். இதை உமக்கு மறைக்கப் போவதில்லை.

பிறகு, "இங்கே," என்றேன். "படியில். பயந்துவிட்டேன்."

அந்தச் சொல்லை நான் எந்த மொழியிலும் எவருக்கும் அதற்குமுன் சொன்னதில்லை. அவர் இறங்கி வந்து எனக்கு ஒரு படி மேலே இருந்தார். கூரைக்குப் புதிதாகத் தகரம் போட்டதால் வெயில் ஏறினால் பனி ஒரேயடியாகச் சரிந்து விழுமாம். "முதல் தரம் நான் மேசைக்குக் கீழே போய்விட்டேன்," என்றார். இருவரும் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தோம். அவரே என் முழங்கையைப் பிடித்து எழுப்பினார்.

அளந்தேன். மூன்று தரம் அளக்கவேண்டி வந்தது. உம்முடைய இரும்புப் பட்டி ஏழு மூலையில் நீர் வரைந்தபடியே இறுக்கமாக நிற்கிறது. வடகிழக்கில் முடுக்கி தளர்ந்து, வெயில் படும்போது தகடு சுவரில் தட்டுகிறது. அதுதான் அவர் கேட்ட சத்தம். ஒரு கிழமைக்குள் இறுக்கவேண்டும், அதுவரை கீழ்த்தளத்தில் படுங்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். புதன்கிழமை இறுக்கிவிட்டார்கள். படம் அனுப்பினார்.

நேற்று ஞாயிறு. மெத்ரோ ஒரேஞ் லைனில் லவாலுக்குப் போனேன். உம்முடைய அவர் பூசை முடிந்து வந்து தேத்தண்ணி போட்டார். சீனி கூடப் போட்டுவிட்டார். நான் குடிக்கவில்லை.

"அண்ணை, ஒண்டு சொல்லவேணும்," என்றேன். "அவ என்னை ஓடச் சொல்லேல்லை. நான் சொல்லாமக் கொள்ளாமல் ஓடினனான். வெளியிலை நிண்டனான். அவ என்னைக் கூப்பிட்டவ. எனக்குக் கேட்டது. நான் பதில் சொல்லேல்லை."

அவர் தன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு நேரம் கூப்பிட்டவ?" என்றார்.

"ஆக்கள் வர இருவது நிமிசம். பாதி நேரம் கூப்பிட்டவ. பேந்து என்னைத் தேடி வரப்பாத்துத்தான் காலை இழுத்தவ."

அவர் எழுந்து பல்கனிக் கதவடியில் போய் எனக்கு முதுகு காட்டி நின்றார். தோள் இரண்டும் ஏறி இறங்கின. போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். கோட்டையும் எடுத்துவிட்டேன்.

"இருங்கோ," என்றார், திரும்பாமல். "எனக்கு இப்ப உங்களிலை கோவம். இல்லையெண்டு சொல்லமாட்டன். மன்னிக்கிறதெண்டா அவதான் மன்னிக்கவேணும். அவ அதை எப்பவோ செய்திட்டா போலை." மூக்கை உறிஞ்சினார். "ஆனா மகளுக்கு நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும். அவள் உங்களை நம்பி வளந்தவள். அடுத்த கிழமை வாறாள். வருவியளோ?"

"பயமாய் இருக்கு அண்ணை," என்றேன்.

"ஓம். வருவியளோ?"

வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவளோடு பிரெஞ்சில்தான் பேசவேண்டும். தமிழில் என்றால் நான் காற்று, மழை, அது இது என்று சுற்றி வளைத்துத் தப்பிவிடுவேன். பிரெஞ்சில் எனக்கு அவ்வளவு சொற்கள் இல்லை. நேற்றுப் பின்னேரத்திலிருந்து முதல் வாக்கியத்தை எழுதி எழுதி வெட்டுகிறேன். அவளுக்கு உம்முடைய கண். அந்தக் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது குரல் வருமா என்று தெரியவில்லை. இதை எழுதும் இப்போதும் கை குளிர்ந்துதான் கிடக்கிறது. அளந்து பார்த்துவிட்டேன், அளந்த பிறகும் பயம் இருக்கிறது. கடைசியில் ஒன்றுதான் வெட்டுப்படாமல் தாளில் நிற்கிறது. அதை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்:

உன் அம்மா என்னைக் கூப்பிட்டார். எனக்குக் கேட்டது.